எர்துருல்: வரலாறு அறிந்தவரும் தொடர் வளர்த்தவரும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ பயானில் பொறுமையைப் பற்றிப் பேசும்போது நாம் ஒரு நிகழ்ச்சியைக் கூறினோம். துன்பத்தில் சோர்ந்திருந்த எர்துருல் காஸியிடம் ஷைகு இப்னு அரபி (ரஹ்) அவர்கள் வந்து, துஆச் செய்து, தைரியமூட்டிச் சென்றார்கள் என்பதே அந்நிகழ்ச்சி. மஸ்ஜிதில் இளைஞர்கள் பலர் தலையசைத்தனர். சிலருடைய கண்கள் கலங்கியதையும் கண்டோம்.

தொழுகை முடிந்ததும் ஊரின் மூத்தவர் ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறினார். "ஹஜ்ரத், இப்ப பயான்ல சொன்னீங்களே, அது எந்தக் கிதாபுல இருக்கு? பேரப்பிள்ளைங்களுக்கு எடுத்துக் காட்டணும்" என்றார். குறை காணும் நோக்கம் அவரிடம் சிறிதும் இல்லை. உண்மையாகவே கிதாபின் பெயரைக் குறித்துக்கொள்ள விரும்பினார்.

நம்மிடம் விடை இல்லை. அந்நிகழ்ச்சியை நாம் எந்தக் கிதாபிலும் வாசித்திருக்கவில்லை. வீட்டில் பிள்ளைகளுடன் அமர்ந்து துருக்கித் தொடரில் பார்த்திருந்தோம். பார்த்தது எப்போது படித்ததாக மாறியது என்பது நமக்கே தெரியவில்லை. அறிவிப்பாளர் வரிசையைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் ஒருவருக்கு இது சிறிய சறுக்கலன்று. அடுத்த ஜும்ஆவில் அதே மிம்பரில் நின்று, சென்ற வாரம் கூறியது வரலாறு அன்று, ஒரு நாடகக் காட்சி என்று அறிவித்தோம். அந்த வெட்கத்திலிருந்து தொடங்கிய வாசிப்பின் பயனே இக்கட்டுரை.

தொடர்களைப் பார்ப்பது கூடுமா, கூடாதா என்னும் மஸ்அலா இங்கு நமது பொருளன்று. பார்த்தவற்றை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே பொருள்.

வீடுகளுக்குள் வந்த வீரர்

'திரிலிஷ் எர்துருல்' என்னும் தொடர் 2014 டிசம்பரில் துருக்கியின் அரசுத் தொலைக்காட்சியில் தொடங்கி 2019 வரை ஐந்து பருவங்களாக, 150 பகுதிகளாக ஒளிபரப்பானது. ஒரு பகுதி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீளும். 2020ஆம் ஆண்டு ரமலானில் பாகிஸ்தான் அரசுத் தொலைக்காட்சி அதனை உருதுவில் ஒளிபரப்பத் தொடங்கியபோது, ஊரடங்கால் உலகமே வீட்டில் அடைபட்டிருந்தது. அக்காலத்தில்தான் நம் வீடுகள் பலவற்றிலும் இத்தொடர் நுழைந்தது. தாடியும் தலைப்பாகையும் உடையவர்களை எப்போதும் கொடியவர்களாகவே திரையில் கண்டு பழகிய நம் பிள்ளைகள், பிஸ்மில்லாஹ் கூறி உண்ணும், தாயின் கையை முத்தமிடும், தொழுது விட்டுப் போருக்குச் செல்லும் ஒரு வீரரைக் கண்டனர். அந்த மகிழ்ச்சியை நாம் குறை கூற மாட்டோம். நாமும் அதில் பங்கு கொண்டோம்.

ஆனால் அந்த மகிழ்ச்சியோடு இன்னொன்றும் வந்தது. திரையில் கண்டவரே வரலாற்றில் வாழ்ந்தவர் என்னும் நம்பிக்கை.

வரலாறு எவ்வளவு அறியும்?

எர்துருல் என்று ஒருவர் வாழ்ந்தார் என்பதற்கு வலுவான சான்று ஒரு சிறு வெள்ளிக் காசு. அவருடைய மகன் உஸ்மான் வெளியிட்ட, ஆண்டு குறிக்கப்படாத அக்காசில் 'எர்துருலின் மகன் உஸ்மான்' என்னும் பொருளில் எழுத்துகள் உள்ளன. அவர் வாழ்ந்த காலத்தில் எழுதப்பட்டு, அவர் வாழ்வைக் கூறும் நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய மரணம் ஏறத்தாழ 1280இல் நிகழ்ந்ததாகக் கூறப்படுகிறது. உஸ்மானிய அரச குலத்தைப் பற்றி இன்று கிடைக்கும் மிகப் பழைய எழுத்தாகக் கருதப்படும் அஹ்மதீயின் கவிதை நூலோ 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. விரிவான உரைநடை வரலாற்றை எழுதிய ஆஷிக்பாஷாஸாதா அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். அதாவது எர்துருல் மறைந்து ஏறத்தாழ இரு நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர்.

அந்நூல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதுமில்லை. எர்துருலின் தந்தை ஸுலைமான் ஷா என்பது ஆஷிக்பாஷாஸாதாவின் கூற்று. தொடரும் இதனையே ஏற்றது. 1465இல் எழுதி முடிக்கப்பட்ட அன்வரீயின் நூலோ தந்தையின் பெயரைக் குந்துஸ் அல்ப் என்று கூறுகிறது. ஃபுராத் நதியைக் கடக்கும்போது மூழ்கி இறந்த ஸுலைமான் ஷா என்னும் செய்தி, அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், 1086இல், ஹலப் நகரத்துக்கு அருகில் உயிரிழந்த ஸல்ஜூக் மன்னர் ஸுலைமான் இப்னு குத்துல்மிஷ் பற்றிய நினைவுடன் கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆனாலும் ஸுலைமான் ஷாவின் அடக்கத்தலம் என்று ஒன்று சிரியாவில் துருக்கியின் பாதுகாப்பில் இருந்தது. அணைக்கட்டின் நீர் சூழ்ந்ததால் 1973இலும், போரின் காரணமாக 2015 பிப்ரவரியிலும் அது இடம் மாற்றப்பட்டது. யாருடையது என்று உறுதியாகக் கூறவியலாத ஒரு கப்றுக்காக ஒரு நாட்டின் படை எல்லை தாண்டிச் சென்று வந்தது. நினைவு என்பது எத்துணை வலியது என்பதற்கு இது போதும்.

இத்தொடரை உருவாக்கிய மெஹ்மெத் போஸ்தாக் அவர்களே, அக்காலத்தைப் பற்றிய செய்திகள் நான்கைந்து பக்கங்களுக்கு மேல் இல்லை என்றும், எஞ்சியதைக் கற்பனையால் நிரப்புவதாகவும் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். அவர் மறைக்கவில்லை. நாம்தான் கேட்கவில்லை.

இவற்றுள் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது ஆஷிக்பாஷாஸாதாவின் ஒரு குறிப்பு. எர்துருல் சோகுத் பகுதிக்கு வந்து குடியமர்ந்த பின், அவருடைய காலத்தில் அங்குப் போரும் சண்டையும் நிகழவில்லை என்றும், கோடையில் மேட்டு நிலத்திலும் குளிர்காலத்தில் தாழ்நிலத்திலுமாக அவர்கள் அமைதியாக வாழ்ந்தனர் என்றும் பொருள்பட அவர் எழுதுகிறார். உஸ்மானியரைப் போற்றுவதற்கென்றே எழுதிய ஒருவரின் நூலில் இக்குறிப்பு இருக்கிறது. மந்தைகளை ஓட்டிக்கொண்டு, அண்டையில் வாழ்ந்த கிறிஸ்தவக் குடிகளோடு இணங்கிப் போய், தம் கூட்டத்தாருக்குப் புல்லும் நீரும் தேடித் தந்த ஒரு முதியவர். இந்தக் குறிப்பு காட்டும் எர்துருல் இவரே. வாரந்தோறும் இருபது பேரை வாளால் வீழ்த்துபவர் தொடரின் எர்துருல்.

அவரைச் சூழ்ந்தவர்கள்

நாயகரைச் சுற்றியுள்ளவர்களைப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும்.

ஷைகு இப்னு அரபி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 560இல் அந்தலூஸின் முர்ஸியா நகரில் பிறந்து, 638இல் (1240) திமஷ்கில் வஃபாத்தானவர்கள். அனத்தோலியாவில் சில காலம் வாழ்ந்ததும், ஸல்ஜூக் அரசவையோடு தொடர்பு கொண்டிருந்ததும் உண்மையே. ஆனால் 1223 முதல் திமஷ்கிலேயே நிலையாகத் தங்கினார்கள். எர்துருல் என்னும் இளைஞரைச் சந்தித்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. கடினமான நூல்களை எழுதிய ஒரு பேரறிஞர், தொடரில் ஆபத்து வரும்போதெல்லாம் தோன்றி ஆறுதல் கூறிச் செல்லும் பெரியவராகச் சுருங்கிவிட்டார்கள்.

முதற்பருவத்தில் ஹலப் நகரின் ஆட்சியாளராக வரும் அல்அஸீஸ், காதலில் விழுந்து, ஏமாற்றப்பட்டு, பின் திருந்தும் ஓர் இளைஞராகக் காட்டப்படுகிறார். உண்மையில் அல்அஸீஸ் முஹம்மத், ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் பேரர். பிறந்தது 1213இல். மூன்று வயதில் அரியணை ஏறினார். கதை தொடங்குவதாகக் கொள்ளப்படும் 1225ஆம் ஆண்டளவில் அவருக்கு வயது பன்னிரண்டு. அவருடைய அன்னை ளைஃபா காத்தூன் ஹலபில் அல்ஃபிர்தவ்ஸ் மதரஸாவை நிறுவியவர். மகன் இறந்தபின் 1236 முதல் 1242 வரை பேரனுக்காக ஆட்சியை நடத்தியவர். இல்லாத காதலைப் பற்றி நம் பிள்ளைகள் அறிவர். இருந்த அன்னையை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

நண்பர் துர்குத் அல்ப், ஏடுகளின்படி உஸ்மானின் தோழர். 1299 அளவில் இனெகோல் நகரைக் கைப்பற்றியவராக அறியப்படுபவர். தொடரிலோ 1225இலேயே கோடரி ஏந்திய வாலிபராக நிற்கிறார். இரண்டும் உண்மையானால் இனெகோலை வென்றபோது அவர் தொண்ணூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். பம்ஸி பெய்ரெக் வரலாற்று மனிதரே அல்லர். தெதெ கொர்குத் என்னும் பழைய துருக்கியக் கதைத் தொகுப்பின் நாயகர்களுள் ஒருவர். ஒரு காப்பியத்திலிருந்து நடந்து வந்து வரலாற்றுக்குள் அமர்ந்து கொண்டார்.

சஅதுத்தீன் கோபெக் உண்மையில் வாழ்ந்த அமைச்சர். ஸுல்தான் அலாவுத்தீன் கைகுபாத் 1237இல் இறந்தபின் போட்டியாளர்களை ஒவ்வொருவராக ஒழித்து அதிகாரத்தைக் கைப்பற்ற முனைந்தவர். அடுத்த ஸுல்தானின் கட்டளையால் அவர் கொல்லப்பட்ட செய்தி, இப்னு பீபியின் நூலில் உள்ளது. அங்கே எர்துருல் இல்லை. தொடரில் அவருடைய தலையைக் கொய்வது எர்துருலின் வாள்.

திருந்துவதும் கெடுவதும் திரையில் எப்படி?

ஆண்டுகள் பிழைபடுவதைவிட மனிதர்கள் பிழைபடுவதே பெரிய கேடு என்று நாம் கருதுகிறோம். ஆண்டுப் பிழையை ஒரு நூலைப் பார்த்துத் திருத்திவிடலாம். மனிதர்கள் எவ்வாறு மாறுகிறார்கள் என்பதைப் பற்றித் தவறாகக் கற்ற பாடம் வாழ்க்கையோடு வரும்.

தொடரில் எர்துருல் முதற்பகுதியில் எப்படியோ, ஏறத்தாழ நூற்றைம்பதாம் பகுதியிலும் அப்படியே. அவர் கூறியது முடிவில் சரியாகவே இருக்கும். அவரைச் சந்தேகித்தவர்கள் முடிவில் வெட்கப்படுவர். அண்ணன் குந்தோது ஒவ்வொரு முறையும் துரோகியை நம்பி, தம்பியை வெறுத்து, உண்மை வெளிப்பட்டதும் மனம் மாறி, அடுத்த துரோகியை மீண்டும் நம்புவார். முதற்பருவத்தில் குடும்பத்தையே அழிக்கத் துணிந்த செல்ஜான், அடுத்த பருவத்தில் எல்லாரும் மதிக்கும் பெண்மணி ஆகிவிடுகிறார். தவ்பாவின் வாயில் திறந்தே இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருக்குள் என்ன நிகழ்ந்தது, எத்தனை இரவுகள் உறங்காமல் கழிந்தன, பாதிக்கப்பட்டவர்கள் மன்னிக்க எவ்வளவு காலம் பிடித்தது என்பவற்றைக் கதை நின்று பார்ப்பதில்லை. அடுத்த எதிரி வாயிலில் நிற்கிறான்.

இதற்குக் காரணம் எழுத்தாளரின் அறியாமை என்று கூறிவிட முடியாது. வாரந்தோறும் இரண்டு மணி நேரம் நிரம்ப வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஓர் ஆபத்தில் முடிய வேண்டும். நாயகர் இறக்கவும் கூடாது, தோற்கவும் கூடாது. ஆகவே ஒரு துரோகி ஒழிந்தால் மற்றொருவன் தேவை. நேற்று நல்லவராக இருந்தவர் இன்று கெட்டவராக வேண்டும். மக்கள் விரும்பிய ஒருவர், கெட்டவராக இருந்தாலும் நல்லவராக மாற்றப்பட வேண்டும். மாற்றம் மனிதனின் உள்ளத்திலிருந்து வருவதில்லை. கதையின் தேவையிலிருந்து வருகிறது. நம் தமிழ்த் தொடர்களைப் பார்க்கும் வீடுகளுக்கும் இது புதிய செய்தியன்று. மாமியார் ஒரு வாரத்தில் திருந்துவதும் மறு வாரத்தில் கெடுவதும் அதே தேவையினால்தான்.

வரலாறு இதைவிடக் கசப்பானது. 1230இல் யஸ்ஸிசெமன் என்னுமிடத்தில் ஸுல்தான் கைகுபாதும் குவாரஸ்ம் மன்னர் ஜலாலுத்தீனும் மோதினர். இருவரும் முஸ்லிம்கள். மங்கோலியப் படை இருவருக்கும் பொது ஆபத்து. இருவருள் எவரும் விலைக்கு வாங்கப்பட்ட துரோகி அல்லர். நிலமும் அச்சமும் மானமும் அவர்களை மோதவிட்டன. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1243இல் கோஸெதாகில் ஸல்ஜூக் படை மங்கோலியரிடம் தோற்று, அந்நாடு அவர்களுக்குக் கப்பம் கட்டுவதாயிற்று. ஏடுகள் கூறும் கால வரிசை சரியானால், எர்துருலின் பிற்கால வாழ்வு முழுவதும் அந்த நிழலில்தான் கழிந்திருக்க வேண்டும். தொடரில் நீதியே உருவான தந்தையாகத் தோன்றும் கைகுபாதும் 1223இல் தமது அமீர்கள் பலரைக் கொல்வித்தவரே. கோட்டைகளையும் வணிகர் தங்கும் சத்திரங்களையும் எழுப்பி நாட்டை உயர்த்தியவரும் அவரே. இரண்டும் ஒரே மனிதர். வரலாற்று ஆசிரியர் நஷ்ரீ, உஸ்மான் தம் சொந்தச் சிற்றப்பா துந்தாரை அம்பெய்து கொன்றதாக எழுதுகிறார். ஆஷிக்பாஷாஸாதா அதைக் கூறவே இல்லை. ஒருவர் எழுதியதையும் மற்றவர் எழுதாததையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவருக்கே வரலாறு கிடைக்கும்.

பழைய நோய்

இந்நோய் தொலைக்காட்சியோடு வந்ததன்று. நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 3இல் உஹதில் ஷஹீதானார்கள். பிற்காலத்தில் பாரசீகத்தில் அவர்களுடைய பெயரால் ஒரு கதை வளர்ந்தது. அதில் அரக்கர்களும் தேவதைகளும் மாயக் கோட்டைகளும் நிறைந்தன. அக்பர் மன்னர் அதனை ஏறத்தாழ 1,400 ஓவியங்களுடன் பல ஆண்டுகள் செலவிட்டு எழுதுவித்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லக்னோவில் அச்சான உருது வடிவம் நாற்பத்தாறு தொகுதிகளாக நீண்டது. அன்றைய தொடர் அது. நம் தமிழிலும் படைப்போர் என்னும் வகை இலக்கியம் தோன்றியது. உண்மையான ஸஹாபாக்கள் கற்பனை மன்னர்களோடு பொருதும் பாடல்கள் அவற்றுள் உண்டு. நம் முன்னோர் இராப்பொழுதுகளில் கூடியமர்ந்து அவற்றைக் கேட்டு மகிழ்ந்தனர்.

அறிஞர்கள் இதைக் கவனிக்காமல் விடவில்லை. ஹிஜ்ரி 597இல் வஃபாத்தான இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்கள் கதை சொல்வோரைப் பற்றியே தனி நூல் இயற்றினார்கள். நல்ல கதை சொல்வோரை அவர்கள் வெறுக்கவில்லை. மக்களை அழவைப்பதற்காக இல்லாததைக் கூறுவோரையே கண்டித்தார்கள். இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் 1377இல் எழுதிய முகத்திமாவில், பனூ இஸ்ராயீலின் படையில் ஆறு லட்சம் பேர் இருந்தனர் என்று முன்னோர் எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் அந்நிலத்தில் நிற்க இடமுண்டா, ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனையில் நடப்பது தெரியுமா என்று கேட்டார்கள். அறிவித்தவர் யார் என்பதோடு, நடந்திருக்கக் கூடியதா என்பதையும் கேட்க வேண்டும் என்பதே அவர்கள் கற்பித்த பாடம். ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் ஒரு செய்தி வந்தால் தெளிவுபடுத்திக் கொள்ளுமாறு நமக்குக் கட்டளையிடுகிறது. அக்கட்டளை திரையிலிருந்து வரும் செய்திக்குப் பொருந்தாதா?

நம் கிதாபுகளில் உள்ள மனிதர்கள்

மனிதர் மாறுவதை உண்மையாகக் காண விரும்புவோருக்கு நம் நூல்களில் குறைவில்லை.

ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டி எறிந்து கொன்ற வஹ்ஷீ, பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார். அவருடைய இஸ்லாம் ஏற்கப்பட்டது. ஆனால் தம் கண்முன் வராமல் இருக்க முடியுமா என்று நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கேட்டார்கள். மன்னிப்பு இருந்தது. வலியும் இருந்தது. பின்னாளில் அதே ஈட்டியால் பொய்த்தூதன் முஸைலமாவை வீழ்த்தினார் வஹ்ஷீ (ரலி). ஸஹீஹுல் புகாரியில் இது அவருடைய வாய்மொழியாகவே பதிவாகியிருக்கிறது. ஒரு நாடக எழுத்தாளர் இதை எழுதியிருந்தால், இஸ்லாத்தை ஏற்ற காட்சியிலேயே எல்லாரும் கட்டித் தழுவியிருப்பர்.

காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் உஹதில் எதிரணியின் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கியவர்கள். ஹிஜ்ரி 8இல் இஸ்லாத்தை ஏற்றார்கள். அதன் பின்னரும் பனூ ஜதீமா கூட்டத்தார் விஷயத்தில் அவர்கள் செய்த ஒன்றுக்காக, தமக்கு அதில் பொறுப்பில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தி அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். இதையும் புகாரி மறைக்கவில்லை. வெற்றிகளின் உச்சத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் படைத்தலைமையிலிருந்து அவர்களை நீக்கினார்கள். அவர்கள் கலகம் செய்யவில்லை. அபூ உபைதா (ரலி) அவர்களின் கீழ்ப் போரிட்டார்கள். இறுதியில் போர்க்களத்தில் அன்றி, ஹிஜ்ரி 21இல் படுக்கையில் உயிர் பிரிந்தது.

கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தபூக் போருக்குச் செல்லாமல் பின்தங்கினார்கள். காரணம் நோயன்று, வறுமையன்று. அன்று அவர்களிடம் இரண்டு வாகனங்கள் இருந்தன. நாளை புறப்படலாம், நாளை புறப்படலாம் என்று காலம் கடத்தினார்கள். அவ்வளவே. நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்த குற்றம் அது. நபி (ஸல்) அவர்களிடம் பொய்க் காரணம் கூறாமல் உண்மையைக் கூறினார்கள். ஐம்பது நாட்கள் எவரும் அவர்களோடு பேசவில்லை. நெருங்கிய உறவினர் ஒருவரின் தோட்டச் சுவரேறிச் சென்று ஸலாம் கூறியபோதும் பதில் வரவில்லை. அந்நேரத்தில் கஸ்ஸான் மன்னரிடமிருந்து ஆசை காட்டும் கடிதம் வந்தது. அதை அடுப்பில் இட்டு எரித்தார்கள். ஐம்பதாம் நாள் ஃபஜ்ருக்குப் பின் மன்னிப்பின் நற்செய்தி வந்தது. முதுமையில் பார்வை இழந்து, மகனின் கைப்பிடித்து நடந்த காலத்தில், இந்நிகழ்ச்சியைத் தம் வாயாலேயே விவரித்தார்கள். தமது குற்றத்தைச் சிறிதும் குறைத்துக் கூறவில்லை.

இதில் வாள் இல்லை. துரோகி இல்லை. ஒரு மனிதரும், அவருடைய சோம்பலும், அவருடைய வாய்மையும், ஐம்பது நாட்களும் மட்டுமே உண்டு.

மாணவர் ஒருவரின் வினா

அந்த ஜும்ஆவுக்குச் சில மாதங்களுக்குப் பின், நமது வகுப்பில் 'நான் விரும்பும் முஸ்லிம் பெரியார்' என்று எழுதச் சொன்னோம். பாதிப்பேருக்கு மேல் எர்துருலைப் பற்றியே எழுதினர். நாம் கோபம் கொள்ளவில்லை. அவ்விதை விதைத்தவர்களில் நாமும் ஒருவர் அல்லவா? மாறாக, வெள்ளிக் காசிலிருந்து தொடங்கி மேலே கூறியவற்றை ஒவ்வொன்றாக அவர்களுக்கு விளக்கினோம். சிலர் முகம் வாடினர். பின் கஅப் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைக் கூறினோம்.

வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவர் மட்டும் நின்றார். ஹிஃப்ழில் பின்தங்கியவர். இரண்டு முறை நிறுத்திவிட்டு மீண்டும் சேர்ந்தவர். "உஸ்தாத், எர்துருல் மாதிரி நான் ஆக முடியாதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். அவர் ஒரு தப்பும் செய்ய மாட்டார். கஅப் (ரலி) மாதிரி முயற்சி செய்யலாம்ல?" என்று கேட்டார்.

அவருடைய முதல் வாக்கியமே நம்மை உறுத்தியது. தவறே செய்யாத ஒருவரை முன்மாதிரியாக நிறுத்தியதால், அப்பிள்ளை உற்சாகம் அடையவில்லை. தன்னால் ஆகாது என்று மனத்துக்குள் முடிவு செய்து ஒதுங்கியிருக்கிறார். குற்றமற்ற நாயகர்கள் பிள்ளைகளை வீரராக்குவார்கள் என்று நாம் எண்ணியிருந்தோம். இடறி விழுந்த பிள்ளைக்கு அவர்களிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

ஆகவே பெற்றோரிடம் நாம் வேண்டுவது சிலவே. பிள்ளைகளோடு இத்தகைய தொடரைப் பார்த்தால், முடிந்ததும் ஐந்து நிமிடம் உரையாடுங்கள். இவர் உண்மையில் வாழ்ந்தவரா, எந்த நூலில் இருக்கிறார், எழுதியவர் அவருக்கு எத்தனை ஆண்டுகள் பின்னால் வந்தவர் என்று தேடிப் பார்க்கச் செய்யுங்கள். கெட்டவர் ஒருவர் திடீரெனத் திருந்தினால், அவருக்குள் என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். திரையில் கண்டதை 'கதையில் வந்தது' என்று சொல்லவும், நூலில் படித்ததை 'இன்ன நூலில் உள்ளது' என்று சொல்லவும் பழக்குங்கள். பயான் செய்யும் நம்மைப் போன்றவர்களிடமும் அந்தப் பெரியவரைப் போல எந்தக் கிதாபு என்று கேளுங்கள். அக்கேள்வியை அவமதிப்பாகக் கருதும் உரிமை எங்களுக்கு இல்லை.

எர்துருல் காஸியின் மீது நமக்கு எந்தக் குறையும் இல்லை. சோகுதின் புல்வெளியில் மந்தை மேய்த்து, தம் மக்களைப் பசியின்றி வாழவைத்து மறைந்த அந்த முதியவருக்கு அல்லாஹ் அருள் புரிவானாக. அவர் செய்யாத போர்களை அவருடைய பெயரில் எழுதாமல் இருப்பதும் அவருக்கு நாம் செய்யும் மரியாதையே. அந்த மாணவர் இப்போது இருபத்திரண்டாவது ஜுஸ்உவில் இருக்கிறார். இடையில் மேலும் ஒரு முறை நிறுத்தினார். மீண்டும் வந்தார்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.